36 லட்சம் ஸ்காலர்ஷிப் இருக்கு... அப்ளை பண்ண 1 லட்சம் எங்கே? கொடுங்கையூர் மாணவர்கள் முன் நிற்கும் முதல் சுவர்

தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையோ பிஎச்.டி.யோ படிக்க ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை மாநில அரசே தருகிறது. அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் என்று பெயர். மத்திய அரசிடமும் இதுபோல ஒரு திட்டம் உண்டு. பேப்பரில் பார்த்தால், வடசென்னையின் கொடுங்கையூரில் இருக்கும் ஒரு மாணவிக்கும் லண்டனுக்கும் நடுவே பெரிய தடை எதுவும் இல்லை.

ஆனா, விண்ணப்பத்தைத் திறந்தால் கதை வேறு. முதலில் கேட்கப்படும் முக்கிய ஆவணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கொடுத்த ஆஃபர் லெட்டர். அதை வாங்கும் வரை ஆகும் செலவு மாணவருடையது. அந்தச் செலவு எவ்வளவு, அதை யாரால் போட முடியும் என்பதில்தான் பாதிப் பேர் நின்றுபோகிறார்கள்.

சிக்கல் ஸ்காலர்ஷிப் தொகையில் இல்லை. அந்த உதவி தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

கொடுங்கையூர் என்றாலே சென்னையின் மற்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது குப்பைமேடு. சுமார் 350 ஏக்கர். 1980-களிலிருந்து நகரத்தின் குப்பை வந்து சேரும் இடம். கிழக்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், வடக்கே மணலியின் எண்ணெய், உரத் தொழிற்சாலைகள். நடுவில் முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர், எழில் நகர் என்று லட்சக்கணக்கானவர்கள் வாழும் பகுதி.

இங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் குறைவு இல்லை. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி எல்லாம் பல தலைமுறை முதல் பட்டதாரிகளை உருவாக்கியவை. உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்தில் தமிழ்நாடு எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்ததுதான். 2021-22 கணக்குப்படி இந்திய சராசரி 28.4 சதவீதம், தமிழ்நாடு 47 சதவீதம்.

இதில் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அந்த முதல் பேட்ச் பி.இ. முடித்து வெளியே வந்த ஆண்டு 2025. அதாவது, வெளிநாட்டு எம்.எஸ். படிப்புக்குத் தேவையான நான்கு வருடப் பட்டத்தோடு, அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெரிய கூட்டம் இப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறது. கேள்வி அவர்களுக்கானது.

ஆஃபர் லெட்டர் வரும் வரை என்ன செலவு?

ஒரு உதாரணத்துக்கு, கண்ணதாசன் நகரில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா கன்டெய்னர் லாரி டிரைவர். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 25 ஆயிரம் ரூபாய். மகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பி.இ. சிவில் முடித்தவர். குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்தவர் என்பதால் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். படிக்க ஆசை. அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணுகிறார்.

பாஸ்போர்ட் 1,500 ரூபாய். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு 17 ஆயிரத்துக்கு மேல். பல்கலைக்கழகம் கேட்டால் ஜி.ஆர்.இ., அது சுமார் 22 ஆயிரம். மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், கூரியர் என்று சில ஆயிரம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர். ஐந்து இடங்களுக்குப் போட்டாலே 40 ஆயிரம் ரூபாய் போய்விடும். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போடுவது லாட்டரி வாங்குவது மாதிரி. அதனால் ஐந்து என்பது ஆடம்பரம் இல்லை, குறைந்தபட்சம்.

கூட்டிப் பார்த்தால் 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சம். அந்த வீட்டின் மூன்று, நான்கு மாத மொத்த வருமானம். இதில் எந்தக் கட்டணமும் திரும்ப வராது. ஆஃபர் வரும் என்கிற உத்தரவாதமும் கிடையாது.

ஆஃபர் வந்த பிறகு விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், செவிஸ் கட்டணம் 350 டாலர். சேர்த்தால் 45 ஆயிரத்துக்கு மேல். பிறகு விமான டிக்கெட். இந்தப் பின்பாதிச் செலவில் விசாவையும் டிக்கெட்டையும் மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் ஏற்கிறது. முன்பாதியை ஏற்க ஆள் இல்லை.

அண்ணா நகரில் இரண்டு பேரும் ஐ.டி.யில் வேலை செய்யும் வீட்டில் இந்த 1 லட்சம், மகளின் பிறந்தநாளுக்கு வாங்கும் லேப்டாப்பின் விலை. தோற்றால் அடுத்த வருஷம் மறுபடி போடலாம். கண்ணதாசன் நகரில் அதே 1 லட்சம், வட்டிக்கு வாங்க வேண்டிய பணம். தோற்றால் இன்னொரு முறை கிடையாது. இரண்டு பேருடைய மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கலாம். தோற்க எத்தனை முறை அனுமதி இருக்கிறது என்பது ஒன்றாக இல்லை.

லோன் வாங்கலாமே?

எல்லோரும் சொல்லும் பதில் இது. வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் கல்விக் கடன் விதிப்படி 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் தேவையில்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீனோடு வாங்கலாம். அதற்கு மேல் போனால் சொத்து காட்டணும். வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சத்தில் ஒரு செமஸ்டர் தாண்டுவதே கஷ்டம்.

சொத்து என்றால் வங்கி கேட்பது பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று. வடசென்னையில் சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. இங்கே கணிசமான குடும்பங்கள் இருப்பது குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில். 1970-ல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஒதுக்கீட்டு ஆணை கையில் இருக்கும், விற்பனைப் பத்திரம் இருக்காது. புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இருக்காது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தாலும், வங்கியின் பார்வையில் அந்தக் குடும்பத்துக்குச் சொத்து இல்லை.

அடமானம் கேட்காத தனியார் நிதி நிறுவனங்கள் உண்டு. அவர்கள் பார்ப்பது கூட்டுக் கடன்தாரரின் சம்பளச் சீட்டையும் வருமான வரிக் கணக்கையும். நாள் கூலிக்கும் டிரிப் காசுக்கும் ஓடும் வீட்டில் அந்த இரண்டும் கிடையாது. வட்டியும் அரசு வங்கிகளைவிடப் பொதுவாக அதிகம்.

வட்டி மானியம்? மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கானது. ஆனால் இந்தியாவுக்குள் படித்தால் மட்டுமே. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி அடமானம் இல்லாமல் கடன் தருகிறது. அதுவும் நாட்டின் முன்னணிக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். சிறுபான்மை மாணவர்கள் வெளிநாடு போக வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-ல் நிறுத்தப்பட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு, கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டியை எட்டு வருஷம் வரை வரியிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். உச்சவரம்பு கிடையாது. வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட நிதி நிறுவனங்களில் கல்விக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். பிடித்தமும் இல்லை.

அதாவது, வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளை வெளிநாடு போக அரசு உதவுகிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வட்டி மானியம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்தியாவிலேயே படிக்கச் சொல்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. தனித்தனியாக எழுதிய விதிகள் ஒன்று சேர்ந்தால் இப்படித்தான் வருகிறது.

ஜெர்மனியில் இலவசம்தானே?

இன்ஸ்டா ரீல்ஸில் அடிக்கடி வரும் வரி இது. பாதி உண்மை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

ஆனால் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். விசாவுக்கு முன் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. சுமார் 12 லட்சம் ரூபாய். பணம் உங்களுடையதுதான், மாதாமாதம் உங்களுக்கே திரும்ப வரும். ஆனா, முதலில் இருக்கணும்.

பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே படிப்பதென்றால், கல்விக் கட்டணம் போக ஒன்பது மாதச் செலவுக்கு 10 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். கூடவே ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம். கனடா காட்டச் சொல்லும் தொகை ரொம்ப காலம் 10 ஆயிரம் கனடிய டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் 20,635. 2025 செப்டம்பரில் 22,895. நாடுகள் வேறு வேறு, கேட்பது ஒன்றுதான்: உன் வீட்டில் ஏற்கெனவே பணம் இருக்கிறதா?

ஜெர்மன் விதியில் இன்னொன்றும் உண்டு. அந்த 12 லட்சம் இல்லாவிட்டாலும், ஜெர்மனியில் வாழும் ஒருவர் "இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு" என்று அங்குள்ள அதிகாரிகளிடம் உறுதிப் பத்திரம் கொடுத்தால் போதும். மியூனிக்கில் மாமா இருக்கிறவர்களுக்கு அந்த 12 லட்சம் தேவையே இல்லை. முந்தைய தலைமுறையில் வீட்டிலிருந்து ஒருவர் போயிருந்தால் அடுத்தவருக்கு வழி சுலபம். யாருமே போகாத வீட்டுக்கு முழு விலை.

சரி, ஸ்காலர்ஷிப் எத்தனை பேருக்கு?

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1950-களிலிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு மொத்தம் 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மீதி 10 இடங்கள் சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பழங்குடியினருக்குத் தனியாக 20 இடங்கள். 2024-ல் வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 125 என்பது எவ்வளவு சின்ன எண் என்று புரியும்.

அந்த 125-ம் உறுதி இல்லை. 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக உதவித்தொகைக் கடிதம் வந்தது. மீதி 66 பேருக்கு, நிதி இருப்பைப் பொறுத்துத் தரப்படலாம் என்று பதில். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். ஜூலையில் இப்படி ஒரு பதில் வந்தால் அந்த மாணவர் விசாவுக்கு எதைக் காட்டுவார்?

இந்தத் திட்டத்தில் என்ன படிக்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகள் 2022-ல் நீக்கப்பட்டன. கண்ணதாசன் நகர் மாணவி சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கலாம். ஆனால் "நகரத்தின் குப்பை ஏன் எப்போதும் எங்க ஏரியாவுக்கே வருது" என்பதைச் சமூகவியலாக ஆராய நினைத்தால், இந்த உதவித்தொகை கிடையாது.

யாருக்குக் கிடைக்காது என்பதையும் பார்க்கணும். மத்திய விதிப்படி கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். காசிமேடு, எண்ணூர் மீனவக் குடும்பங்களும் இந்த 115 இடங்களுக்குள் வரமாட்டார்கள். வடசென்னையில் இந்த இரண்டு பிரிவினரும் சிறிய எண்ணிக்கை அல்ல.

உதவித்தொகை நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, மாநிலத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்தவரின் வாழ்க்கையே சாட்சி. அம்பேத்கர் 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். காலம் முடிந்ததும் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. சம்பாதித்துச் சேர்த்த பணமும் நண்பர்களின் உதவியும் கைக்கு வந்து, மறுபடி லண்டன் போனது 1920-ல். நடுவில் மூன்று வருஷம். அவர் அம்பேத்கர், அதனால் திரும்பப் போனார். எல்லோராலும் முடியாது.

1914-ல் இதே துறைமுகத்தில் என்ன நடந்தது?

கொடுங்கையூரிலிருந்து சில கிலோமீட்டரில் சென்னைத் துறைமுகம். அங்கே 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு கிளார்க் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், பட்டம் இல்லாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். இன்றும் ராயபுரத்தில் அவர் பெயரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

ராமானுஜன் கதையைப் பெரும்பாலும் 'மேதை தானே வெளியே வந்தார்' என்றே சொல்கிறார்கள். உண்மையில் அவரைச் சுற்றி ஒரு பெரிய ஏற்பாடே இயங்கியது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் அவருடைய நோட்டைப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். துறைமுகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காகப் பேசினார்கள். பட்டம் இல்லாதவருக்கு விதியைத் தளர்த்தி, 1913-ல் மாதம் 75 ரூபாய் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

கேம்பிரிட்ஜ் போக முடிவானபோது அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்ட் கொடுத்தது. அதோடு கப்பல் பயணத்துக்கும், குளிர் நாட்டு உடை முதலிய ஏற்பாடுகளுக்கும் தனியாகப் பணம் தந்தது. அந்த 250 பவுண்டில் ஒரு பகுதி, ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது. 1914 மார்ச் 17-ல் அவர் சென்னையில் கப்பல் ஏறினார்.

இன்றைய விதிகளில் ராமானுஜன் அப்ளை பண்ணியிருந்தால்? தேசிய உதவித்தொகைக்குத் தகுதிப் படிப்பில் 60 சதவீதம் வேண்டும். முதல் பக்கத்திலேயே நிராகரிப்பு.

இதில் ஒளிக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. ராமானுஜன் ஏழை. ஆனால் அவருக்காகப் பேசிய இந்தியர்கள் பெரும்பாலும் அவருடைய சாதி வட்டத்தில் இருந்தவர்கள். அவர் கடிதத்தை யாரிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்று தெரிந்தவர்கள். அதே துறைமுகத்தில் அதே வருஷங்களில் மூட்டை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வட்டம் இல்லை. பணம் இல்லாதது ஒரு குறை. நோட்டைத் திறந்து பார்க்க ஆள் இல்லாதது அதைவிடப் பெரிய குறை.

இன்றைக்கு அந்த நோட்டைப் பார்ப்பவர் யார்?

கன்சல்டன்சிகள். எந்தப் பல்கலைக்கழகம், எஸ்.ஓ.பி. எப்படி எழுதுவது, யாரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவது என்று சொல்லித் தரும் தொழில் இது. அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினியில். பிரிட்டிஷ் துணைத் தூதரகமும் ஜெர்மன் மொழி கற்கும் கதே நிறுவனமும் நுங்கம்பாக்கத்தில். கொடுங்கையூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பக்கம் போக ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தே வளராத பிள்ளைக்கு அது வேறு ஊர்.

ஒரு சின்ன விஷயம் போதும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். ஒரு மெயில் போடணும், அவ்வளவுதான். ஆனால் கேட்கலாம் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தத் தள்ளுபடி. பணம் உள்ளவருக்கு அது தெரிந்திருக்கிறது. பணம் தேவைப்படுபவருக்குத் தெரிவதில்லை.

வெளிநாடு போய்த்தான் ஆகணுமா?

நியாயமான கேள்வி. வரிப்பணம் ஏன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகணும், இங்கேயே நல்ல கல்லூரி கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே கட்டத்தான் வேண்டும். ஆனா, 13 லட்சம் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு 80இ வழியாக வரிச்சலுகை கிடைக்கும்போது எழாத கேள்வி, கொடுங்கையூர் பிள்ளைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் தரலாமா என்னும்போது மட்டும் ஏன் எழுகிறது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே இங்கே வருகிறதே என்றும் சொல்லலாம். 2023 யு.ஜி.சி. விதிகளின்படி அவை இந்தியாவில் வளாகம் தொடங்கலாம். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-ல் குருகிராமில் தொடங்கிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் சென்னையிலும் வளாகம் திறக்கத் திட்டமிட்டிருக்கிறது. ஆனால் கட்டணத்தையும் சேர்க்கை முறையையும் அவையே முடிவு செய்யலாம். இடஒதுக்கீடு கட்டாயம் இல்லை. எல்லைதான் பக்கத்தில் வந்திருக்கிறது. கதவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வித்தை இல்லை. பள்ளி இலவசம்தான், பிள்ளை ஏன் வரவில்லை என்று பார்த்தால் காரணம் பசி. அதனால் 1956-ல் மதிய உணவு வந்தது. பள்ளி தூரம் என்றபோது இலவச பஸ் பாஸும் சைக்கிளும் வந்தன. பெரிய கதவைத் திறந்துவிட்டோம் என்று நிற்காமல், கதவு வரை வருவதற்கான சின்னச் செலவையும் அரசே ஏற்றது. இந்த மாநிலத்தின் கல்வி வெற்றிக்கு முக்கியக் காரணம் அதுதான்.

அண்மை உதாரணமும் கையில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு, நான் முதல்வன் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தரப்படுகிறது. முதல்நிலையில் ஜெயித்தால் இன்னும் 25 ஆயிரம். அவர் ஐ.ஏ.எஸ். ஆவாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அரசு முன்கூட்டியே கொடுக்கிறது. முயற்சிக்கே பணம் வேண்டும் என்று அரசுக்குப் புரிந்திருக்கிறது. இதே அறிவை வெளிநாட்டுக் கல்விக்கும் நீட்டினால் போதும்.

முதலாவது, ஆஃபருக்கு முந்தைய நிதி. தகுதித் தேர்வு, ஐந்து விண்ணப்பங்கள், டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய். ஒரே ஒரு மாணவருக்கு ஒரு வருஷம் தரும் 36 லட்சத்தில் 36 பேரை வாசல் வரை கொண்டுவரலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்., ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகளுக்கான பயிற்சியைத் தாட்கோ அறிவித்திருப்பது சரியான தொடக்கம். அது விண்ணப்பம் வரை முழுச் சங்கிலியாக நீள வேண்டும். மீனவர், கிறிஸ்தவ தலித் வீடுகள் உட்பட, வருமானம் குறைந்த முதல் பட்டதாரிகள் எல்லோரையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, கடனுக்கு அரசின் ஜாமீன். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் வைத்திருக்கும் குடும்பத்திடம் பட்டா கேட்பதில் அர்த்தம் இல்லை. அந்த வீட்டைக் கட்டி ஒதுக்கியதே அரசுதான். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு அரசே பொறுப்பேற்கும் நிதி ஒன்றை உருவாக்கலாம்.

மூன்றாவது, நோட்டைத் திறந்து பார்க்க ஆள். வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, பிராட்வே கல்லூரிகளில் வாரம் ஒரு நாளாவது உட்காரும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர். அரசு உதவித்தொகையில் போனவர்களையே, ஆண்டுக்குச் சில மணி நேரம் ஆன்லைனில் ஜூனியர்களின் எஸ்.ஓ.பி.யைப் படித்துச் சொல்லக் கேட்கலாம். செலவு ரொம்பக் குறைவு. மியூனிக்கில் மாமா இல்லாதவர்களுக்கு அவர்கள்தான் அண்ணன், அக்கா.

மத்திய அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. தேர்வானவர்களுக்கான கடிதம் நிதி இருப்பைப் பொறுத்து இருக்கக் கூடாது. பட்ஜெட்டில் ஒதுக்கிவிட்டுத் தேர்வு செய்யட்டும். தேர்வு செய்துவிட்டுப் பணத்தைத் தேட வேண்டாம்.

7.5 சதவீத ஒதுக்கீட்டின் முதல் பேட்ச் படித்து முடித்துவிட்டது. இனி ஒவ்வொரு மே மாதமும் ஒரு பேட்ச் வரும். அவர்களில் எத்தனை பேருக்கு வெளிநாடு போகும் தகுதி இருந்தது என்று பிறகு எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஏனென்றால் அப்ளை பண்ணாதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நிராகரிக்கப்பட்டவர்களுக்காவது ஒரு மெயில் வருகிறது.